தொண்டையில் சிக்கிய சொல், கையில் சிக்கிய ஈட்டி



அச்சில் நாலைந்து பக்கங்களைத் தாண்டாததும், மேடையில் பத்து நிமிஷத்துக்குள் நடந்து முடிந்துவிடுவதுமான ஒரே ஒரு காட்சியைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர், அவ்வளவு நேரத்துக்கு அதில் விஷயம் இருக்குமா என்று கவலையோடு கேட்டார். முப்பது வருஷங்களாக அந்தக் காட்சியைப் படித்தும் பார்த்தும் வருகிறேன். இன்னும் அதன் அடி எனக்கு எட்டவில்லை என்று மட்டும் அவரிடம் சொன்னேன். ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில் இரண்டாம் அங்கத்தின் இரண்டாவது காட்சியும், அதே சந்தர்ப்பத்தை அகிரா குரோசாவா என்னும் ஜப்பானிய இயக்குநர் 1957 ஆம் ஆண்டு வெளியான ‘சிலந்தி வலைக் கோட்டை’ என்ற படத்தில் அமைத்திருக்கும் விதமுமே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கதை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. போரில் வென்று திரும்பும் ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத்தை வழியிலே மூன்று சூனியக்காரிகள் மறித்து, அவன் அரசனாகப் போவதாகக் கட்டியம் கூறுகிறார்கள். வீட்டிலே மனைவி அந்த ஆசைக்கு எண்ணெய் வார்க்கிறாள். அரசன் டங்கனோ தானாகவே அவர்கள் மாளிகைக்கு விருந்தாளியாக வந்து உறங்குகிறான். அந்த இரவிலே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். குரோசாவா இந்தக் கதையை ஜப்பானில் பிரபுக்கள் ஓயாமல் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்த உள்நாட்டுப் போர்க் காலத்துக்குக் கொண்டுபோய், மாக்பெத்தை வாஷிசு என்ற வீரனாகவும், அவன் மனைவியை அசாஜி என்பவளாகவும், மூன்று சூனியக்காரிகளைக் காட்டுக் குடிசைக்குள் ராட்டினம் சுற்றும் ஒரே ஆவியாகவும் மாற்றினார். வாஷிசுவாக நடித்தவர் தோஷிரோ மிஃபுனே. அசாஜியாக நடித்தவர் இசுசு யமதா. ஷேக்ஸ்பியரின் வசனத்தை மொழிபெயர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தப் படத்தில் இல்லை. உலகத்திலேயே மிகுந்த சொல்வளம் படைத்த நாடகாசிரியரிடமிருந்து சொல் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

ஒரு நாடகம் படமாகும்போது நாம் வழக்கமாகச் செய்வது, வருஷக் கடைசியில் கணக்குப்பிள்ளை ஐந்தொகை போடுவதைப் போல, மூலத்தில் இருந்தது இவ்வளவு, படத்தில் வந்தது இவ்வளவு, விட்டுப்போனது இவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் குரோசாவாவின் படம் வெறும் நஷ்டம். ஆயினும் ‘மாக்பெத்’தைத் தழுவி எடுக்கப்பட்ட படங்களில் அந்நாடகத்தின் உயிருக்கு மிக அருகே போயிருப்பது இதுதான் என்று அறிஞர் பலர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இந்த ஒரு காட்சியை வைத்து ஆராயலாம் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு விஷயம். அரசனைக் கொல்வது மேடையில் நடப்பதில்லை. கிரேக்கர்களுடைய நாடகத்தில் அகமெம்னான் அரண்மனைக்குள்ளே வெட்டுண்டு அலறுவதைத்தான் வெளியே நிற்கும் குழுவினர் கேட்கிறார்கள். நம்முடைய நாட்டிய சாஸ்திர மரபும் மரணத்தை அரங்கில் பிரத்தியட்சமாகக் காட்டலாகாது என்று விதித்தது. ஆனால் ஷேக்ஸ்பியரை அப்படிப்பட்ட விதி எதுவும் கட்டுப்படுத்தவில்லை. இதே நாடகத்தில் மாக்பெத்தின் தோழனான தளபதி பாங்க்வோ நம் கண்ணெதிரே குத்துண்டு விழுகிறான். மாக்டஃப் என்ற பிரபுவின் சின்னஞ்சிறு மகன் தாயின் முன்னிலையிலேயே கொல்லப்படுகிறான். குழந்தையைக் கொல்வதைக் காட்டத் துணிந்தவர் கிழவனைக் கொல்வதைக் காட்டக் கூசினார் என்று சொல்வதற்கில்லை. கொலை நடக்கிற அறைக்குள் போகாமல், அந்த அறைக்கு வெளியே, காத்திருக்கிறவளோடு நம்மையும் காக்க வைப்பதே அவருடைய நோக்கம். 1971 ஆம் ஆண்டு ரோமன் பொலான்ஸ்கி எடுத்த ‘மாக்பெத்’ படத்தில் அவர் கதவைத் திறந்து நம்மை உள்ளே அழைத்துப் போய்விடுகிறார். உறங்கும் அரசன் கண் விழிக்கிறான், கத்தி பாய்கிறது, எல்லாவற்றையும் பார்க்கிறோம். மிகுந்த திறமையோடு எடுக்கப்பட்ட படம் அது. ஆனாலும் அந்த இடத்தில் நமக்கு உண்டாவது பிறர் படும் துன்பத்தைக் கண்டு உண்டாகும் பதற்றம். கதவுக்கு வெளியே நிற்கும்போது உண்டாவது வேறு வகையான அச்சம். நாமே ஏதோ செய்துவிட்டு வந்து நிற்பதைப் போன்ற அச்சம்.

குரோசாவாவும் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறார். அதற்கு மேலும் ஒரு படி போய், ஷேக்ஸ்பியர் காட்டிய பாங்க்வோவின் கொலையைக் கூட அவர் காட்டாமல், ஏறிப் போனவன் இல்லாமல் வெறுமையாக ஓடி வரும் குதிரையை மட்டுமே காட்டுகிறார்.

இனி நாடகத்துக்கு வருவோம். 1606 ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்நாடகம் நடிக்கப்பட்ட இடங்களில் ஒன்று லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையிலிருந்த குளோப் அரங்கம். நடுவிலே கூரையில்லாத அந்த அரங்கில் பிற்பகல் வெளிச்சத்தில்தான் நாடகங்கள் நடந்தன. சூரியன் தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருக்கையில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் தெளிவாகப் பார்த்துக்கொண்டு நிற்கையில், நள்ளிரவை உண்டாக்க வேண்டும். விளக்கை அணைக்க வழியில்லை. திரையை இறக்க வழியில்லை. ஆகவே ஷேக்ஸ்பியர் இருட்டைச் சொல்லாலே கட்டினார். நட்சத்திரங்கள் அவிந்துவிட்டன என்று ஒருவன் சொல்கிறான். ஆந்தை அலறியது என்று ஒருத்தி சொல்கிறாள். சுவர்க்கோழி கத்தியது என்கிறாள். பகல் வெளிச்சத்தில் நின்றவர்களின் காது வழியாக அவர்கள் கண்ணுக்குள் இருட்டு இறங்கியது. அந்தக் காட்சியின் சொற்கள் இவ்வளவு செறிந்திருப்பதற்கு இந்த லௌகிகமான காரணமும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. சினிமாவுக்கு இரவு தானாகவே வாய்த்திருக்கிறது. அந்தச் சொற்கள் சுமந்த வேலையில் ஒரு பாதியைப் படச்சுருளும் விளக்குமே செய்துவிடுகின்றன. ஆகவே சொல்லை விட்டதனாலேயே குரோசாவா ஷேக்ஸ்பியரை விட்டுவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

1611 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் இந்த நாடகத்தைக் குளோப் அரங்கில் பார்த்துவிட்டு, தாம் கண்டதைக் குறிப்பாக எழுதி வைத்தார். நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ரசிகருடைய சாட்சி அதுதான். அவர் மனத்தில் தங்கியவற்றுள் ஒன்று, கொலைக்குப் பிறகு மாக்பெத்தின் கையிலிருந்தும் அவன் மனைவியின் கையிலிருந்தும் இரத்தம் எவ்வளவு கழுவியும் போகாமலிருந்தது என்பது. உலகம் போற்றும் கவிதை வரிகள் அவருடைய குறிப்பில் இல்லை, கைகள் இருக்கின்றன. இதை நீங்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பவும் இதற்கு வருவேன்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு இந்நாடகத்தைப் பாடம் சொன்ன ஆசிரியர், இந்தக் காட்சி வந்ததும் புஸ்தகத்தை மூடிவிட்டு, மாணவர் இருவரை எழுப்பி வகுப்பின் இரு கோடிகளில் நிற்க வைத்தார். கொலை செய்தவன் படியிறங்கி வருகிறான். ஓசை ஏதும் கேட்கவில்லையா என்று மனைவியிடம் கேட்கிறான். ஆந்தையும் சுவர்க்கோழியும்தான் கேட்டன என்கிறவள், நீங்கள் ஏதோ பேசவில்லையா என்று திருப்பிக் கேட்கிறாள். எப்போது என்கிறான். இப்போதுதான் என்கிறாள். நான் இறங்கி வரும்போதா என்கிறான். ஆம் என்கிறாள். ஆங்கிலத்தில் இவற்றுள் சில ஒற்றை அசையாலான சொற்கள். செய்யுளின் ஒரே அடியை நான்கு துண்டாக உடைத்து இருவர் வாயிலும் மாறிமாறி வைத்திருக்கிறார் கவிஞர். மாணவர் இருவரும் புஸ்தகத்தில் உள்ளபடி உரக்கப் படித்தார்கள். ஆசிரியர் தலையை அசைத்துவிட்டு, “அடுத்த அறையில் உங்கள் தகப்பனார் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்” என்றார். இரண்டாந்தரம் அவர்கள் படித்தபோது வகுப்பில் எவரும் மூச்சு விடவில்லை. அந்தச் சொற்களுக்கு அர்த்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அந்த இடைவெளிதான் அங்கே நாடகம். ஷேக்ஸ்பியர் அந்த இடத்தில் சொல்லை உபயோகித்திருப்பதே மௌனத்தை வெட்டிக் காட்டுவதற்காகத்தான் என்பது அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. கணவனும் மனைவியும் இருட்டில் நின்று தங்கள் வீட்டின் ஓசைகளையே அந்நியமாகக் கேட்கும் காட்சி இது. கண்ணைவிடக் காதுக்கே இதில் வேலை அதிகம்.

அதற்குப் பின் வருகிறது, இந்த நாடகம் முழுவதிலும் எனக்கு மிக நெருக்கமான இடம். அரசன் அறையை அடுத்துப் படுத்திருந்தவர்களில் ஒருவன் தூக்கத்தில் சிரித்தானாம். ஒருவன் கொலை என்று கூவினானாம். இருவரும் விழித்துப் பிரார்த்தனை செய்தார்களாம். கடவுள் நமக்கு அருளட்டும் என்று ஒருவன் சொல்ல, மற்றவன் ‘ஆமென்’ என்றானாம். இரத்தம் தோய்ந்த கையோடு இருட்டில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாக்பெத்தும் ‘ஆமென்’ என்று சொல்ல முயன்றிருக்கிறான். சொல் வரவில்லை, தொண்டையிலே சிக்கிக்கொண்டுவிட்டது. அப்போதுதான் கொலை செய்து முடித்தவன், வாசலிலே குதிரைகளும் காவலரும் நிற்க, விடிந்தால் தலைபோகும் அபாயத்தில் இருப்பவன், மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லி மாய்ந்துபோவது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். தனக்குத்தான் அருள் மிகவும் தேவைப்பட்டது, அப்படியிருக்க ஏன் அந்தச் சொல் வரவில்லை என்று ஒரு குழந்தையைப்போலக் கேட்கிறான். அவள் பதறிப்போய், இதையெல்லாம் இப்படி நினைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்கிறாள். அவள் சொன்னது கடைசியில் அவளுக்கே பலித்தது.

அதன் பிறகுதான் அவள் கவனிக்கிறாள்: பழி அரசனின் காவலர்கள்மேல் விழும்படி அவர்கள் அருகே போட்டுவிட்டு வரவேண்டிய குத்துவாள்கள் இரண்டையும் கையிலேயே பிடித்தபடி வந்து நிற்கிறான். திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான். செய்ததைத் திரும்பப் பார்க்கத் தைரியமில்லை என்கிறான். அவளே வாங்கிக்கொண்டு போகிறாள். அந்த நிமிஷத்தில் வெளிக்கதவு தட்டப்படுகிறது. இந்தத் தட்டலைப் பற்றி 1823 ஆம் ஆண்டு தாமஸ் டி குவின்ஸி எழுதிய கட்டுரையை அறியாத ஷேக்ஸ்பியர் மாணவர் இல்லை. கொலை நடந்த நேரத்தில் மனித உலகமே நின்றுபோயிருந்தது. தட்டல் கேட்டதும் அவ்வுலகத்தின் நாடி மறுபடியும் துடிக்கத் தொடங்குகிறது. அப்படித் துடிக்கத் தொடங்கும்போதுதான் அதுவரை நின்றுபோயிருந்ததன் பயங்கரம் நமக்கு உறைக்கிறது என்பது அவருடைய கருத்து. அதற்கு மேல் நான் சொல்லக்கூடியது எதுவுமில்லை.

இப்போது படத்துக்குப் போவோம்.

ஃபூஜி மலைச் சரிவில் கறுத்த மண்ணின்மீது கட்டியெழுப்பிய கோட்டைகளும், எதையும் முழுதாகப் பார்க்க விடாத மூடுபனியும் இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் இந்தக் காட்சி நடப்பது அவ்வளவு விரிந்த வெளியில் அன்று. பாய் விரித்து, தட்டுமுட்டுச் சாமான் எதுவுமில்லாமல் கிடக்கும் ஓர் அறையில். டங்கனுடைய இடத்தில் படத்தில் வரும் பிரபு விருந்தாளியாக வந்துவிட்டதனால் தன் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, வாஷிசு அந்த அறைக்கு வந்திருக்கிறான். முன்பு துரோகம் செய்த ஒருவன் அங்கேதான் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய இரத்தக் கறை தேய்த்தும் போகாமல் அங்கே படிந்திருக்கிறது. இனி நடக்கப்போகும் துரோகத்துக்கு ஏற்கனவே ஒரு துரோகத்தின் கறையைப் பின்திரையாகக் கட்டியிருக்கிறார் இயக்குநர். நாடகத்தில் கறை கொலைக்குப் பின் வருகிறது. படத்தில் அது முன்னாலேயே வந்து காத்திருக்கிறது.

ஜப்பானியருடைய ‘நோ’ நாடகம் என்பது ஐந்நூறு ஆறுநூறு வருஷப் பழமையுள்ள கலை. முகமூடி அணிந்த நடிகர் வழுவழுப்பான மரமேடையில் பாதத்தைத் தூக்காமல் இழைத்து இழைத்து நடப்பார். குழலும் கைமத்தளமும் இடைவிட்டு ஒலிக்கும். அசையாமல் இருப்பதும் அங்கே நடிப்பாகும். குரோசாவாவுக்கு இந்தக் கலையில் தீராத பக்தி. இந்தப் படத்தில் நடித்தவர்களுக்கு ஒவ்வொருவர் பாத்திரத்துக்கும் ஏற்ற ‘நோ’ முகமூடியின் படத்தைக் காட்டி, இதுதான் உங்கள் முகம் என்று அவர் சொன்னதாகத் தெரிகிறது. அசாஜிக்கு அவர் காட்டியது, இளமை கடந்து சித்தப்பிரமையின் விளிம்பில் நிற்கும் ஒரு ஸ்திரீயின் முகமூடி. யமதாவின் வெளுத்த முகத்தையும், நெற்றியில் உயர எழுதிய புருவத்தையும், அசையாத கண்ணையும் பார்க்கும்போது, சதையாலான முகத்தையே முகமூடியாக்கிக்கொள்ள ஒரு நடிகையால் எவ்வளவு தூரம் முடியும் என்று வியப்பு உண்டாகிறது. ஷேக்ஸ்பியர் காலத்து மேடையிலும் பெண் வேஷத்தைப் பையன்களே கட்டினார்கள். ‘நோ’ மேடையிலும் அது வழிவழியாக ஆண்கள் முகமூடி அணிந்து ஆடிய வேஷம். இரண்டு மரபிலும் பெண்ணுக்கு விலக்கியிருந்த இந்தப் பாத்திரம், அந்த இரண்டு மரபும் கூடுகிற படத்தில் ஒரு பெண்ணின் கையில் வந்து சேர்ந்தது எனக்குச் சந்தோஷமான விஷயமாகப் படுகிறது.

அசாஜி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், குரலை உயர்த்தாமல், கணவனைப் பார்க்காமல் பேசுகிறாள். வாஷிசுவோ கூண்டிலடைத்த புலியைப்போல அறைக்குள் நடந்துகொண்டும் உறுமிக்கொண்டும் இருக்கிறான். இரவுப் பறவை ஒன்று அலறுகிறது. நாடகத்து ஆந்தை படத்துக்குள் பறந்து வந்துவிட்டது என்று அறிந்துகொள்கிறோம். பிறகு அவள் எழுந்திருக்கிறாள். காவலருக்குக் கொடுக்க மயக்கமருந்து கலந்த மதுவைக் கொண்டுவர வேண்டும். எதிரே கதவு திறந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் ஒரே இருட்டு. அவள் அந்த இருட்டுக்குள் நடந்து போகிறாள், கரைந்துபோய்விடுகிறாள். திரையில் அவள் இல்லை. சற்று நேரத்துக்கெல்லாம் அதே இருட்டிலிருந்து மதுச்சாடியை ஏந்திய வெளுத்த முகம் மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. இந்த நேரம் முழுவதும் நம் காதில் விழுவது ஒன்றே ஒன்று: அவள் உடுத்த பட்டின் சரசரப்பு.

பட்டின் சரசரப்பு நமக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டில் விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கண் விழித்துப் படுத்திருக்கும்போது, கூடத்தில் பெரியம்மாவும் அத்தையும் நடமாடும் அந்த ஓசையைக் கேட்டே விடிந்துவிட்டது என்று அறிந்த பிள்ளைகள்தாம் நாமெல்லாரும். நம் மனத்தில் அந்த ஓசை மங்களத்தோடு சேர்ந்தது. அதனாலேயே முதன்முறை இந்தப் படத்தைப் பார்த்த இரவில் அந்த ஓசை என்னை அவ்வளவு கலங்க வைத்ததோ என்னவோ. படம் பார்த்து வீடு திரும்பியபின், அடுத்த அறையில் யாரோ புடவைத் தலைப்பை உதறிய ஓசைக்கு நான் திடுக்கிட்டு எழுந்தது நினைவிருக்கிறது. நாடகத்தில் மாக்பெத்தும் மனைவியும் இருட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்களே, அந்தச் செவியை நமக்கே வைத்துவிட்டார் குரோசாவா. சினிமா கண்ணுக்கு உரியது, நாடகம் காதுக்கு உரியது என்று பாகப்பிரிவினை செய்து பேசுகிறவர்கள் இந்த ஓர் இடத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மயங்கி விழுந்த காவலனின் ஈட்டியை எடுத்துவந்து கணவன் கையில் அவளே வைக்கிறாள். நாடகத்திலும் குத்துவாள்களை எடுத்துத் தயாராக வைத்தவள் அவள்தான்; ஆனால் அங்கே அதை நமக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறாள். இங்கே ஈட்டி கை மாறுவதைப் பார்க்கிறோம். வாஷிசு போய்விடுகிறான். அவள் தனியே இருக்கிறாள். கேமரா அவள் முகத்தருகே போவதில்லை. இந்தப் படத்தில் நெருக்கமான முகக்காட்சிகள் மிகவும் அபூர்வம். மேடையைப் பார்ப்பதைப்போல எட்ட இருந்தே முழு உருவத்தையும் பார்க்கிறோம். அவள் திரும்பி அந்தப் பழைய இரத்தக் கறையைப் பார்க்கிறாள். சட்டென்று எழுந்து, நடையென்றும் நடனமென்றும் சொல்ல முடியாத ஒரு சிறிய சுழற்சியில் அறையைக் கடக்கிறாள்; குழல் ஊளையிடுகிறது, கைமத்தளம் அதிர்கிறது. நாடகத்தில் இதே இடத்தில் சீமாட்டி மாக்பெத்துக்கு வாய்விட்டுப் பேசக் கொஞ்சம் வரிகள் உண்டு. உறங்கும் அரசன் தன் தகப்பனார் சாயலில் இராமல்போயிருந்தால் தானே குத்தியிருப்பேன் என்று அவள் சொல்வது அங்கேதான். அந்த இரும்புப் பெண்ணுக்குள்ளும் ஒரு மகள் இருக்கிறாள் என்று நமக்குக் காட்டும் ஒரே சாளரம் அது. அசாஜிக்கு அப்படி ஒரு சாளரம் இல்லை. அவள் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்தச் சுழற்சியிலிருந்து நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் ஷேக்ஸ்பியர் பெரியவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வாஷிசு திரும்பி வருகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓசை கேட்டதா என்று கேட்கவில்லை. பிரார்த்தனையைப் பற்றிச் சொல்லவில்லை. தூக்கத்தைக் கொன்றுவிட்டதாக ஒரு குரல் கேட்டது என்று புலம்பவில்லை. அகன்ற கண்களோடு, முனையில் இரத்தம் படிந்த ஈட்டியை இரண்டு கையாலும் பற்றியபடி வந்து நிலைகுத்திப்போகிறான். அசாஜி ஈட்டியை வாங்க வருகிறாள், வாங்க முடியவில்லை. அவனுடைய விரல்கள் கம்பில் இறுகிப்போயிருக்கின்றன. அவன் விட மறுக்கிறான் என்பதில்லை, விரல்கள் அவன் சொல்லைக் கேட்கவில்லை. அவள் பலங்கொண்ட மட்டும் இழுத்து அந்தப் பிடியிலிருந்து ஈட்டியைப் பிடுங்குகிறாள். அதைக் கொண்டுபோய் மயங்கிக் கிடக்கும் காவலன் கையில் வைத்துவிட்டு வந்து, பிறகு வெளியே ஓடிக் கொலை கொலையென்று கூவுகிறாள்.

நண்பர்களே, எத்தனையோ தடவை இந்தப் படத்தைப் பார்த்தும், ‘ஆமென்’ இல்லையே, நாடகத்தின் ஆத்மாவே போய்விட்டதே என்று நான் வருந்திக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று தோன்றியது: ‘ஆமென்’ போகவில்லை, இதோ இருக்கிறது. சொல்ல வேண்டிய சொல்லை மாக்பெத்தின் தொண்டை விட மறுத்தது. விட வேண்டிய ஆயுதத்தை வாஷிசுவின் விரல்கள் விட மறுக்கின்றன. மனம் ஏவியும் சரீரம் கேட்காத அந்த ஒரு கணம், பாவம் செய்தவனை அவனுடைய உடம்பே கைவிட்டுவிடும் அந்தக் கணம், இரண்டிலும் ஒன்றே. நாடகத்தில் அது தொண்டையில் நேர்கிறது, படத்தில் கைக்கு இறங்கியிருக்கிறது. தொல்காப்பியர் உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்மேல் தோன்றுவதை மெய்ப்பாடு என்றார். சொல்லால் உணர்த்தியதை மெய்ப்பாடாக மாற்றுவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தும் குத்துவாள்களைக் கையோடு கொண்டு வந்தவன்தானே! அங்கே அது ஒரு மறதி. மனைவி கண்டித்ததும் தெரியவருகிற ஒரு பிசகு. அந்தச் சின்னப் பிசகுக்குள் இவ்வளவு பெரிய பயங்கரம் அடங்கியிருந்ததைக் குரோசாவா கண்டு எடுத்தார். 1611 இல் குளோப் அரங்கிலிருந்து வீடு திரும்பிய சோதிடர் ஃபோர்மன் மனத்திலும் நின்றவை கைகள்தாமே.

ஆனால் இந்த மாற்றத்தில் கைநழுவிப்போன ஒன்றும் உண்டு. ‘ஆமென்’ என்பது மன்னிப்பை எதிர்பார்க்கும் சொல்; மன்னிக்கிற ஒருவர் மேலே இருக்கிறார் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல். அது தொண்டையில் சிக்கியதும் மாக்பெத்துக்குத் தெரிந்துபோகிறது, தான் இனி அந்தக் கருணைக்கு வெளியே நிற்கிறவன் என்று. அந்த அறிவுதான் அவனைக் கொலைகாரர்களுக்குள் ஒரு மகாகவியாக ஆக்குகிறது. வாஷிசுவின் உலகத்தில் கருணைக்கு முறையிட ஓர் இடமில்லை. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், பனி மூடிய பாழ்நிலத்தில் கோட்டை இருந்த இடத்தைச் சுட்டும் ஒரு கம்பத்தைக் காட்டி, ஆசையினால் அழிந்தவர்களைப் பற்றிக் குழுவினர் பாடுகிறார்கள். அங்கே வினையும் விளைவும்தான் உண்டு, வேண்டுதல் இல்லை. ஆகவே வாஷிசு தன்னைப் பற்றி அறிந்துகொள்வதும் குறைவு, அவனுக்காக நாம் உருகுவதும் குறைவு. காற்றில் மிதக்கும் குத்துவாளைக் கண்டு மாக்பெத் பேசும் பேச்சுக்கு ஈடாகப் படத்தில் ஒன்றுமே இல்லை.

நம் நாட்டில் பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை ‘மகபதி’ என்ற பெயரில் தமிழாக்கினார். ஒரு தேசத்தின் நாடகத்தை வேரோடு பெயர்த்து மற்றொரு தேசத்தில் நட முயலும் எவருடைய மண்வெட்டியும் முதலில் மோதுகிற கல் இந்த ‘ஆமென்’னாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அந்தச் சொல்லுக்கு நிகரான சொல்லை அகராதியில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அதைச் சொல்ல முடியாமல் தவிப்பதற்கு நிகரானதை எங்கே தேடுவது? குரோசாவா தேடிய இடம் தம் நாட்டு மேடை. கண்டெடுத்தது இறுகிப்போன பத்து விரல்கள்.

ஐந்தாம் அங்கத்தில், சீமாட்டி மாக்பெத் தூக்கத்திலே எழுந்து நடக்கிறாள். மருத்துவனும் தாதியும் மறைவில் நின்று கேட்க, கையைக் கழுவுவதைப்போலத் தேய்த்துத் தேய்த்து, அந்த இரவில் பேசியதையெல்லாம் துண்டு துண்டாகத் திரும்பச் சொல்கிறாள். கடைசியில், கதவு தட்டும் ஓசை கேட்கிறது, படுக்கப்போகலாம் வாருங்கள் என்று அருகில் இல்லாத கணவனைக் கூப்பிடுகிறாள். மருத்துவனுக்கோ தாதிக்கோ எந்த ஓசையும் கேட்கவில்லை. படத்தில் அசாஜிக்கு வயிற்றுப் பிள்ளை இறந்தே பிறக்கிறது. அதற்குப் பின் அவளும் ஒரு பாத்திரத்தின் முன் உட்கார்ந்து, போகாத இரத்தத்தைக் கையிலிருந்து கழுவிக்கொண்டே இருக்கிறாள். அந்த இரவில் கணவனுடைய பிடியிலிருந்து ஈட்டியைப் பிடுங்கிய கைகள் அவை. வாஷிசு வந்து எதிரே நிற்கிறான். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. இப்போது அந்தக் கைகளைப் பிரித்துவிட அவனால் முடியவில்லை.